அடக்கத்திற்கு முன் ஒரு சிறு குப்பி இரத்தம்



பிறந்த குழந்தையின் எடை நான்கரைக் கிலோ என்றோ ஐந்து கிலோ என்றோ செவிலியர் வந்து சொன்னால், நமது வட்டாரத்தில் வீட்டார் அனைவருடைய முகமும் மலர்ந்துவிடுகிறது. மாஷா அல்லாஹ் என்று சொல்லி நானிமார்கள் ஓதி ஊதுகின்றனர். மூன்று கிலோவை எட்டுவதற்கே பல குழந்தைகள் திணறும் நாட்டில் இம்மகிழ்ச்சி இயல்பானதே. இவ்வாறு பருமனாகப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயின் கர்ப்பகாலச் சர்க்கரையோ குடும்பத்தின் உடல்வாகோ காரணமாக இருக்கும். ஆயினும் மிக அரிதாக, அந்தப் பருமனே நோயின் அடையாளமாக அமைந்துவிடுவதுண்டு. அத்தகைய நோய்களுள் ஒன்று பெர்ல்மன் சிண்ட்ரோம்.

பத்து லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படும் ஒரு நோயைப் பற்றி மாதனூரிலிருந்து எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நோய் அரிது, ஆனால் அது குடும்பத்திற்குள் இறங்கிவரும் வழி அரிதன்று. அதே வழியில் வரும் நோய்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஏதோ ஒன்றால் பச்சிளங்குழந்தை மௌத்தாகும்போது நம்மவர்கள் செய்வதும் செய்யத் தவறுவதும் பெரும்பாலும் ஒரே விதமாகவே இருக்கின்றன. காலையில் மௌத், அஸருக்குள் அடக்கம், அதன்பின் அக்குழந்தையைப் பற்றிய பேச்சே வீட்டில் எழுவதில்லை. ஓராண்டு கழித்து அந்தத் தாய் மீண்டும் கருவுறும்போது, முந்தைய குழந்தை எதனால் மௌத்தானது என்பதைச் சொல்ல ஒரு காகிதமும் இருப்பதில்லை. இந்த மௌனத்தைப் பற்றியே எழுத விழைகிறோம்.

முதலில் நோயின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். யெமனிலிருந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில், உடன்பிறந்த குழந்தைகள் பலர் அளவுக்கு மீறிய பருமனோடும் பெருத்த சிறுநீரகங்களோடும் பிறந்து இறந்ததை இஸ்ரேலிய மருத்துவர்கள் கண்டனர். 1970இல் லிபன், கொஸெனிட்ஸ்கி என்னும் இருவரும், 1973இல் பெர்ல்மன் குழுவினரும் இதைப் பதிவு செய்தனர். அக்குழந்தைகளின் பெற்றோர் ஒருவருக்கொருவர் இரத்த உறவினர். 1984இல் இத்தாலிய மரபியலாளர் நேரியும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய கட்டுரைக்குப் பின் பெர்ல்மன் என்னும் பெயரே இந்நோய்க்கு நிலைத்தது. காரணமான மரபணு 2012இல்தான் கண்டறியப்பட்டது. இரண்டாம் குரோமோசோமில் உள்ள அம்மரபணுவின் பெயர் டிஐஎஸ்3எல்2.

இதன் வேலையை எளிய முறையில் சொல்லலாம். கரு வளரும்போது உயிரணுக்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. எங்கே எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கும் அவற்றுக்குள் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டில் பங்கு கொள்வது இம்மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இதன் இரண்டு பிரதிகள் ஒவ்வொருவரிடமும் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதாக வாய்த்த குழந்தையின் உடல், நிறுத்தம் அறியாமல் வளர்கிறது. கருப்பையில் பனிக்குட நீர் மிகுதியாகச் சேர்கிறது. தலை பெரிதாகிறது, கல்லீரலும் சிறுநீரகங்களும் வீங்கியது போல் பெருக்கின்றன. பிறந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரப்பதே இதற்குக் காரணம். தசைகள் தளர்ந்திருக்கும், மூச்சு விடுவது கடினமாகும். இந்நோயோடு பிறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுகின்றனர்.

பிழைத்த குழந்தைக்கு வேறொரு சோதனை உண்டு. சிறுநீரகம் உருவாகும் காலத்தில் இருந்து, பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டிய இளம் திசுக்கள் இக்குழந்தைகளிடம் மறையாமல் தங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து வில்ம்ஸ் கட்டி என்னும் சிறுநீரகப் புற்றுநோய் தோன்றுகிறது. பிழைத்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வந்திருக்கிறது; பல சமயம் இரண்டு சிறுநீரகங்களிலும் வருகிறது. வில்ம்ஸ் கட்டி, குழந்தைப் புற்றுநோய்களில் நன்கு குணமாகக்கூடியவற்றுள் ஒன்று. ஆகவேதான் இத்தகைய குழந்தைகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்து, கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

ஆண் குழந்தைகளுக்கு மற்றோர் அடையாளமும் இருக்கக்கூடும்: விரைகள் பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுதல். இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். விரை இறங்காத நிலை பெர்ல்மன் நோயில் மட்டும் வருவதன்று. நலமாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குக் காணப்படும் சாதாரண நிலை அது. ஆறு மாதம் ஆகியும் தானாக இறங்கவில்லை என்றால் ஒன்றரை வயதிற்குள் அறுவை செய்து இறக்கி வைப்பது வழக்கம். தவறவிட்டால் பிற்காலத்தில் மகப்பேற்றுத் திறன் குறையவும், அவ்விரையில் புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு. நம்மவர்களோ இதை வெட்கத்திற்குரிய செய்தியாகக் கருதி மூடி வைக்கின்றனர். கத்னாவின்போது பார்த்தவர் சொன்னாலும், பெரியவனானால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகின்றனர். சிகிச்சைக்கான தேவை இருக்குமிடத்தில், தேவையான அளவு அவ்ரத்தை மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. கத்னாவிற்குக் குழந்தையைக் கொண்டு செல்லும்போதே இரண்டு விரைகளும் இறங்கியுள்ளனவா என்று கேட்டுவிடுவது தந்தையின் கடமைகளுள் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

இப்போது அந்த வழிக்கு வருவோம். தாயும் தந்தையும் ஒவ்வொரு பழுதான பிரதியைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் நலமாகப் பிறக்கும் என்று கணக்கிடுவது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்திற்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பெற்றோர் இருவரும் முழு ஆரோக்கியத்தோடு இருப்பார்கள். அவர்களுடைய பெற்றோரும் அவ்வாறே. ஆகவே எங்கள் பரம்பரையில் இப்படி எவருக்கும் வந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். அந்த உண்மையால் எதுவும் நிரூபணமாவதில்லை.

இத்தகைய அரிய பழுதுகள் நம் ஒவ்வொருவரிடமும் சில உள்ளன. அந்நியர் இருவர் மணக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருப்பது மிக அபூர்வம். சாச்சா மகனும் சாச்சா மகளும் மணக்கும்போது அவர்கள் இருவருக்கும் தாதாவும் தாதியும் ஒருவரே. அந்த மூதாதையிடமிருந்த பழுது இரு கிளைகளின் வழியாகவும் இறங்கி, ஒரே குழந்தையிடம் வந்து சேரக்கூடும். மாமு மகள், காலா மகன், புப்பு மகள் ஆகிய உறவுகளிலும் இதே நிலைதான்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் உறவினரையே மணந்தவர்கள் என்று அது சொல்கிறது. நாட்டின் மாநிலங்களில் முன்னணியில் நிற்பது தமிழ்நாடே. எல்லாச் சமயத்தாரும் இதில் அடக்கம். பிற சமயத்தார் சிலரிடம் தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் உண்டு. நமக்கு அது ஹராம். சூரத்துன் நிஸாவின் 23ஆம் வசனம் அதைத் தடுத்துவிட்டது. அதே சமயம், பிறரிடம் அண்ணன் தம்பி மக்கள் மணப்பதில்லை. நம்மிடம் அது கூடும். தோல் ஷாப்புகளில் பங்கு பிரியாமல் இருக்க வேண்டும், அந்நிய வீட்டில் பெண் துன்பப்படக் கூடாது, கைக்கூலிச் சுமை குறைய வேண்டும் என்றெல்லாம் காரணம் சொல்லி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் குடும்பங்கள் தமக்குள்ளேயே சம்பந்தம் செய்துவந்திருக்கின்றன. ஷூ கம்பெனிக்கு வேலைக்குச் செல்லும் ஏழைப் பெண்களின் வீடுகளிலும் கடைசிக் காரணமே பெரிதாக நிற்கிறது. கைக்கூலி ஒழிந்தால் உறவுக்குள் மணமும் பாதி குறையும் என்று நாம் நினைப்பதுண்டு. அது வேறொரு நாள் எழுத வேண்டிய செய்தி.

உறவில் மணப்பது ஹராம் என்று எவரேனும் சொன்னால் அவருக்கு நாம் உடன்பட மாட்டோம். சூரத்துல் அஹ்ஸாபின் 50ஆம் வசனம் சாச்சா, புப்பு, மாமு, காலா ஆகியோரின் மகள்களைப் பெயர் சுட்டியே கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணந்தார்கள். அவர்கள் நபியவர்களுடைய அத்தையின் மகளார். மருத்துவக் கணக்கும் அச்சுறுத்தும்படியாக இல்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, பிறவிக் கோளாறோடு பிறக்கும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று. நேர் உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்கு ஆறு. அதாவது தொண்ணூற்று நான்கு குழந்தைகள் நலமே. ஆனால் அந்த ஆறில் ஒன்று நமது வீட்டுக் குழந்தையாக இருந்தால் கணக்கு ஆறுதல் தருவதில்லை. அதே உறவு மூன்று தலைமுறையாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருந்தால் கணக்கும் ஆறில் நிற்பதில்லை.

ஆகுமானது என்பதும் விரும்பத்தக்கது என்பதும் ஒன்றல்ல என்பதை நமது முன்னோர்களான அறிஞர்கள் நன்கறிந்திருந்தார்கள். நெருங்கிய உறவினரை மணந்தால் குழந்தை மெலிந்து பிறக்கும் என்னும் கருத்தில் நபிமொழி போல் சுற்றிவரும் வாசகத்திற்கு நம்பகமான அடிப்படை எதையும் தாம் காணவில்லை என்று இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அந்த வாசகத்தை வாட்ஸ்ஆப்பில் ஹதீஸ் என்று பரப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில், மணப்பெண்ணிடம் விரும்பத்தக்க தன்மைகளுள் ஒன்றாக அவள் மிக நெருங்கிய உறவினளாக இல்லாமையையும் சேர்த்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இவ்வாறே எழுதியுள்ளார்கள். நுண்ணோக்கியும் மரபணுவும் அறியாத காலத்தில் அவர்கள் இவ்வாறு எழுதியது, குடும்பங்களைக் கண் திறந்து பார்த்ததனால்தான் இருக்க வேண்டும்.

குழந்தை நோயோடு பிறந்தவுடன் நம் வீடுகளில் காரணம் தேடும் படலம் தொடங்குகிறது. கிரகணத்தின்போது வெளியே வந்தாள், யாரோ கண் வைத்துவிட்டார்கள், கர்ப்பத்தில் எதையோ தின்றாள் என்றெல்லாம் பேச்சு எழுகிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம், பால்குடி மறவாத வயதில் மௌத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமுக்காகவே சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசினர். தம் குழந்தையை இழந்த அந்த நாளிலும் நபியவர்கள் அப்பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்திற்காகவும் வாழ்விற்காகவும் மறைவதில்லை என்று விளக்கினார்கள். இந்தச் செய்தியை மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். அதே பிள்ளைகளின் வீடுகளில் கர்ப்பிணிகளைக் கிரகண நாளில் அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

நமது பகுதிக்கே உரிய மற்றொரு காரணமும் சொல்லப்படுகிறது: எல்லாம் தோல் ஷாப்புத் தண்ணீரால் வந்த வினை என்பது. பாலாற்றுக்கும் நமது கிணறுகளுக்கும் தோல் பதனிடும் கழிவு செய்த கேடு பொய்யன்று. உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பே அதற்குச் சாட்சி. அந்தப் போராட்டம் தனியே நடக்க வேண்டும். ஆனால் பெர்ல்மன் போன்ற நோய்கள் பெற்றோரின் மரபணு வழியே வருபவை. எல்லாவற்றையும் தண்ணீரின் தலையில் போட்டுவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு எவரும் போக மாட்டார்கள்.

எல்லாக் காரணங்களும் ஓய்ந்தபின் பழி வந்து விழும் இடம் மருமகளின் தலை. அவள் வயிறு சரியில்லை, மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்னும் பேச்சு எழாத வீடுகள் குறைவு. பிள்ளையின் நோய்க்குத் தாயும் தந்தையும் ஆளுக்குச் சரிபாதி கொடுத்திருக்கிறார்கள். மகன் அந்நியப் பெண்ணை மணந்தால் நலமான குழந்தை பிறக்கும் என்பது எவ்வளவு உண்மையோ, அந்த மருமகள் அந்நிய ஆணை மணந்தால் அவளுக்கும் நலமான குழந்தை பிறக்கும் என்பதும் அவ்வளவு உண்மை. தன் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றுவிட்டாள் என்று ஐயத்தோடு வந்த கிராமவாசியிடம் நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றிக் கேட்டார்கள். செந்நிற ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிறக் குட்டி எவ்வாறு வந்தது என்று வினவி, ஏதோ ஒரு மூதாதையின் வேர் இழுத்திருக்கக்கூடும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். உம் மகனுக்கும் அவ்வாறே இருக்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தலைமுறைகளைத் தாண்டி மறைந்து வரும் தன்மை ஒன்று உண்டு என்று உணர்த்திய அதே சொல்லால், ஒரு பெண்ணின் மீது விழவிருந்த பழியும் விலகியது.

இனி, தலைப்பில் குறித்த செய்திக்கு வருகிறோம். கருவிற்கு உயிர் ஊதப்படுவது 120 நாட்கள் நிறைந்தபின் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்ட கருத்து. அதற்கு முன்னரும் காரணமின்றிக் கருவைக் கலைப்பதை அவர்கள் அனுமதிக்கவில்லை. 1990 பிப்ரவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுக் கவுன்சில், கருவில் சிகிச்சைக்கு இடமில்லாத கடும் ஊனம் இருப்பதை நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால், 120 நாட்களுக்குள், பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. 120 நாட்களுக்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் அன்றி அனுமதி இல்லை என்றும் அது கூறியது. இம்முடிவை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். எவரையும் கலைக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலக்கணக்கைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

120 நாட்களைக் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறோம். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து வாரக்கணக்கு எண்ணுகிறார்கள். அவர்களுடைய கணக்கில் நமது 120 நாள் ஏறத்தாழ பத்தொன்பதாம் வாரத்தில் நிறைகிறது. உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேனோ பதினெட்டு முதல் இருபது வாரங்களில் எடுக்கப்படுகிறது. பெர்ல்மன் நோயின் அடையாளங்கள், அதாவது நீர்ப்பெருக்கமும் சிறுநீரகப் பருமனும், பெரும்பாலும் அதற்கும் பின்னரே தெளிவாகத் தெரிகின்றன. நாட்டின் சட்டம் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கடும் ஊனம் இருந்தால் மருத்துவ வாரியத்தின் ஒப்புதலோடு இருபத்து நான்கு வாரங்களைக் கடந்தும் அனுமதிக்கிறது. ஆகவே ஸ்கேன் சென்டரில் இன்னும் நேரம் இருக்கிறது என்பார்கள். மார்க்கம் அனுமதித்த நேரம் அதற்குள் கடந்திருக்கும். நமது பெண்கள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கணவர் ஒன்று சொல்ல, மாமியார் ஒன்று சொல்ல, ஆலிம்சாவைக் கேட்க ஓடுகிறார்கள். கேட்கப்பட்டவருக்கும் வழி இருப்பதில்லை.

முந்தைய குழந்தையின் மரபணுப் பழுது எது என்பது முன்பே தெரிந்திருந்தால் நிலைமை வேறு. பதினொன்று முதல் பதின்மூன்று வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிதளவு எடுத்து, அந்த ஒரே பழுதைத் தேடிச் சோதிக்கலாம். சில வாரங்களில் விடை வந்துவிடும். நான்கில் மூன்று முறை அந்த விடை நற்செய்தியாகவே இருக்கும். மீதி மாதங்களை அந்தத் தாய் அச்சமின்றிக் கடப்பாள். நான்காவது விடை வந்தாலும் மருத்துவரோடும் ஆலிமோடும் அமர்ந்து சிந்திக்க நாட்கள் இருக்கும். அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துச் சுமப்பது என்று முடிவு செய்யும் பெற்றோருக்கும் இந்த அறிவு பயன்படும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். பிறந்த நிமிடத்திலேயே சர்க்கரையைச் சோதித்து, மூச்சுக்கு ஏற்பாடு செய்யலாம். சிறுநீரக ஸ்கேன்களைத் தவறாமல் எடுக்கலாம்.

இவை அனைத்திற்கும் வேண்டியது, நோயோடு பிறந்த அந்த முதல் குழந்தையின் ஓரிரு மில்லி இரத்தம். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்போதே மருத்துவர்கள் எத்தனையோ முறை இரத்தம் எடுக்கிறார்கள். அவற்றோடு ஒரு சிறு குப்பி டிஎன்ஏவிற்காகவும் எடுத்து வைக்கும்படி தந்தை கேட்கலாம். அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். பரிசோதனையை உடனே செய்ய வசதியில்லை என்றாலும் பின்னர் செய்துகொள்ளலாம். மௌத்தான உடனேயும் எடுக்க முடியும். வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தை என்றால் தொப்புள்கொடியிலிருந்தோ நஞ்சுக்கொடியிலிருந்தோ எடுக்கலாம்.

மையித்தைத் துன்புறுத்தக் கூடாது, அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதைக் கேள்விப்படுகிறோம். இரண்டும் மார்க்கம் கற்பித்த ஒழுக்கங்களே. அவற்றைப் பேணுவோரை நாம் மதிக்கிறோம். ஆனால் ஊசியால் சிறிது இரத்தம் எடுப்பது பிரேதப் பரிசோதனை ஆகாது. உடல் அறுக்கப்படுவதில்லை, எலும்பு முறிக்கப்படுவதில்லை. ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆவதும் இல்லை. கபர் தோண்டுவதற்கு அதைவிடப் பன்மடங்கு நேரம் ஆகிறது. பின்னால் பிறக்கவிருக்கும் சகோதர சகோதரிகளுக்குப் பயன் தரும் இந்த ஐந்து நிமிடத்தைத் தடுக்கும் ஆதாரம் எதையும் நாம் அறியவில்லை. ஐயமுள்ளவர்கள் தத்தம் பகுதி ஆலிம்களைக் கேட்டுத் தெளிவது நன்று. அதைக் குழந்தை மருத்துவமனையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது இன்னும் நன்று.

அக்குழந்தைக்குரிய ஹக்குகளையும் மறக்கலாகாது. உயிரோடு பிறந்து, ஒரே ஒரு முறை அழுதுவிட்டு மௌத்தானாலும் அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழ வேண்டும். இறந்தே பிறந்தால் ஹனஃபி மத்ஹபில் பெயரிட்டு, குளிப்பாட்டி, துணியில் சுற்றி அடக்குவர். ஜனாஸா தொழுகை இல்லை. முகம் வேறாக இருக்கிறது, தலை பெரிதாக இருக்கிறது என்று தாயிடம் காட்டாமலே கொண்டுபோய் அடக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. தாய் பார்க்க விரும்பினால் அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

முன்பே அடக்கம் செய்துவிட்டோம், இரத்தம் எடுக்கவில்லையே என்று கலங்கும் பெற்றோருக்கும் வழி அடைபடவில்லை. கணவன் மனைவி இருவருடைய இரத்தத்தையும் சோதித்து, இருவரும் பொதுவாகத் தாங்கியிருக்கும் பழுதைத் தேடலாம். குழந்தையின் மருத்துவக் குறிப்புகள், ஸ்கேன் படங்கள், இருந்தால் ஒரு புகைப்படம் ஆகியவை அந்தத் தேடலுக்குத் துணை செய்யும். ஆகவே டிஸ்சார்ஜ் காகிதங்களைக் கிழித்தெறிய வேண்டாம். மாதனூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அடைந்துவிடலாம்; அங்கே மரபியல் ஆலோசனைப் பிரிவு உள்ளது. வெளி மாநிலங்களிலிருந்து இரவு முழுவதும் ரயிலில் பயணம் செய்து மக்கள் அங்கே வருகிறார்கள். திருமணத்திற்கு முன் எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இந்நோய் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். சவூதி அரேபியாவில் 2004 முதல் கட்டாயமாக்கப்பட்ட பரிசோதனையும் தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற சிலவற்றுக்கே உரியது.

பழுது கண்டறியப்பட்டால் எவரிடம் சொல்வது என்னும் கேள்வி எழும். மஹல்லா முழுதும் அறிவிக்க வேண்டியதில்லை. கணவனின் உடன்பிறந்தாருக்கும் மனைவியின் உடன்பிறந்தாருக்கும் சொல்ல வேண்டும். அவர்களும் அதைத் தாங்கியிருக்கக்கூடும். தாங்கியிருப்பதால் அவர்களுடைய உடல்நலத்திற்குக் குறைவேதும் இல்லை. அந்நியரை மணந்தால் பிள்ளைகளுக்கும் அச்சமில்லை. அதே குடும்பத்திற்குள் மீண்டும் சம்பந்தம் பேசும்போது மட்டும் அது கேள்வியாகிறது. அவ்வாறு பேசும் இடத்தில் உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாது. மணம் பேச வந்த இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரின் நிலையையும் உள்ளபடியே எடுத்துரைத்தார்கள்.

நமது மஹல்லாக்களில் குழந்தை மௌத்தானால் முதலில் போன் வருவது இமாமுக்கும் முஅத்தினுக்குமே. சந்தூக்கு வேண்டும், எந்தத் தொழுகைக்குப் பின் ஜனாஸா என்று அறிவிக்க வேண்டும், கபர் தோண்டச் சொல்ல வேண்டும் என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தப் பேச்சினிடையே, டாக்டர் குழந்தையின் இரத்தம் எடுத்து வைத்திருக்கிறாரா என்று அவர்களும் ஒரு முறை கேட்டுவிடலாம்.